சாலிட்வொர்க்ஸ் மவுஸ் ஜெஸ்ச்சர்: 12 திசை வைத்தால் பக்கத்துக் கட்டளை ஓடுகிறது, எத்தனை திசை வைப்பது சரி?

கோணமானி

சாலிட்வொர்க்ஸ் 2022 (முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்). மவுஸ் ஜெஸ்ச்சர் (ரைட் பட்டனைப் பிடித்து இழுத்தால் வரும் கட்டளை வளையம், இழுக்கும் திசைக்கு ஒரு கட்டளை) முதலில் 4 திசையில் இருந்தது. அதை 12 ஆக்கி, ஸ்கெட்ச், பார்ட், அசெம்பிளி, ட்ராயிங் என்ற நான்கு சூழலிலும் எல்லா இடங்களையும் நிரப்பியாயிற்று. அதற்குப் பிறகு வரும் தொல்லைகள்:

ஸ்கெட்ச்சில் நேர் மேலே இழுத்தால் ஸ்மார்ட் டைமென்ஷன் (அளவு குறிக்கும் கட்டளை) வர வேண்டும். பத்துக்கு இரண்டு மூன்று முறை பக்கத்தில் இருக்கும் ஆஃப்செட் ஓடுகிறது. மெதுவாக இழுத்தால் சரியாக வருகிறது, வேகமாக இழுத்தால்தான் தவறுகிறது.

அசெம்பிளியில் ஒரு பாகத்தின் மேல் கர்சர் இருக்கும்போது ரைட் பட்டனைப் பிடித்து இழுத்தால் வளையம் வருவதில்லை, அந்தப் பாகம் சுழல்கிறது.

சில நேரம் இழுப்பு பாதியில் அறுந்து ரைட் கிளிக் மெனு திறந்துவிடுகிறது.

இதோடு இரண்டு கேள்விகள். இந்த அமைப்பை வேறொரு கணினிக்கு எப்படி எடுத்துப் போவது? ஆட்டோகேட் வரைவு மென்பொருளிலும் இதே மாதிரி வைக்க முடியுமா?

---

அச்சுவிலகல்

முதல் தொல்லைக்குக் காரணம் வெறும் வடிவக்கணிதம். 4 திசையில் ஒவ்வொரு கட்டளைக்கும் 90 பாகை இடம் கிடைக்கிறது, அதாவது நேர்க்கோட்டிலிருந்து இரு பக்கமும் 45 பாகை விலகலாம். 8 திசையில் அது 22.5 பாகை. 12 திசையில் 15 பாகைதான். இப்போது மவுஸைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். பெரும்பாலானோர் மவுஸை மேசை விளிம்புக்கு நேர் செங்குத்தாக வைப்பதில்லை. முழங்கை போகும் போக்கில் அது 10 பாகை சாய்ந்தே இருக்கும். கர்சருக்கு ‘மேல்’ என்பது மவுஸின் மூக்கு பார்க்கும் திசை, திரையின் மேல் அல்ல. ஆக 15 பாகையில் 10 போய்விட்டது, மீதி 5 பாகைக்குள் இழுக்க வேண்டும். அதுவும் மணிக்கட்டை ஊன்றி இழுத்தால் இடம் வலம் போகும் கோடு நேர்க்கோடாக வராது, வில்லாக வளையும்.

இழுப்பின் நீளமும் சேர்ந்துகொள்ளும். 10 பிக்சல் போவதற்குள் பக்கவாட்டில் 3 பிக்சல் நழுவினால் கோணம் 17 பாகை தவறிவிடும். அதே 3 பிக்சல் 40 பிக்சல் இழுப்பில் 4 பாகைக்குக் கொஞ்சம்தான் கூட. சுண்டி இழுக்கும்போது தவறுவதும் மெதுவாக இழுத்தால் சரியாக வருவதும் இதனால்தான். மெதுவாக இழுக்கும்போது வளையம் கண்ணில் படுகிறது, கண் கையைத் திருத்துகிறது. ஆனால் ஜெஸ்ச்சரின் பயனே கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல் இருப்பதுதான். வளையத்தைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் கமாண்ட்மேனேஜர் பட்டையில் போய் கிளிக் செய்வதைவிடப் பெரிய லாபம் இல்லை.

ஆகவே 8க்கு இறங்குங்கள். அதையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். டூல்ஸ் → கஸ்டமைஸ் → மவுஸ் ஜெஸ்ச்சர்ஸ் பக்கத்தில் எண்ணிக்கையை 8 ஆக்குங்கள். (ஏதாவது ஒரு கோப்பு திறந்திருந்தால்தான் கஸ்டமைஸ் கிடைக்கும். வெற்றுத் திரையில் தேடி அலைபவர்கள் நிறைய.) 2018 பதிப்பு முதல் பட்டியலிலிருந்து கட்டளையை வளையத்தின் மேல் இழுத்துப் போட்டாலே போதும். வேண்டாததை வளையத்திலிருந்து வெளியே இழுத்து விட்டால் அந்த இடம் காலியாகிவிடும். முதல் இரண்டு வாரம் மேல், கீழ், இடம், வலம் நான்கில் மட்டும் கட்டளை வையுங்கள், மூலைவிட்டங்களைக் காலியாக விடுங்கள். தவறி மூலைக்குப் போனாலும் எதுவும் ஓடாது. கை பழகியபின் மூலைகளை ஒவ்வொன்றாக நிரப்பலாம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நான்கு சூழலிலும் ஒரே திசைக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ் பார்ட், அசெம்பிளி, ட்ராயிங், ஸ்கெட்ச் என நான்கு தனி வளையங்கள் தருகிறது. நான்கையும் தனித்தனியாக யோசித்து நிரப்பினால் 8 திசைக்கு 32 கட்டளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். திசைக்கு ஒரு பொருள் வைத்துவிட்டால் எட்டே சேதிதான். ஒரு மாதிரி:

மேல் என்றால் அளவு. ஸ்கெட்ச்சிலும் ட்ராயிங்கிலும் ஸ்மார்ட் டைமென்ஷன், பார்ட்டிலும் அசெம்பிளியிலும் மெஷர்.

கீழ் என்றால் வெட்டு. ஸ்கெட்ச்சில் ட்ரிம் என்டிட்டீஸ், பார்ட்டில் எக்ஸ்ட்ரூடட் கட், அசெம்பிளியிலும் ட்ராயிங்கிலும் செக்‌ஷன் வியூ.

இடம் என்றால் தொடக்கம். ஸ்கெட்ச்சில் லைன், பார்ட்டில் ஸ்கெட்ச், அசெம்பிளியில் இன்சர்ட் காம்பொனென்ட்ஸ், ட்ராயிங்கில் மாடல் வியூ.

வலம் என்றால் அந்தச் சூழலில் அதிகம் புழங்குவது. ஸ்கெட்ச்சில் சர்க்கிள், பார்ட்டில் எக்ஸ்ட்ரூடட் பாஸ், அசெம்பிளியில் மேட், ட்ராயிங்கில் நோட்.

கீழ்-இடம் மூலை நார்மல் டூ, அதாவது பார்வையை ஒரு முகத்துக்கு நேராகத் திருப்புவது. ட்ராயிங்கில் இதற்கு வேலை இல்லை, அங்கே பலூன் வைத்துக்கொள்ளலாம்.

மீதி மூன்று மூலைகளை உங்கள் வேலையே முடிவு செய்யட்டும். ஷீட் மெட்டல் செய்பவருக்கும் அச்சு வார்ப்பு செய்பவருக்கும் ஒரே பட்டியல் ஒத்துவராது.

ஒற்றைக் கீயில் இடது கைக்குச் சுலபமாகக் கிடைப்பதற்கு ஜெஸ்ச்சரை வீணாக்காதீர்கள். ஜூம் டு ஃபிட்டுக்கு எஃப் கீ இருக்கிறது. நார்மல் டூவுக்கும் கன்ட்ரோல்+8 இருக்கிறது, ஆனால் அதை இடது கையால் மட்டும் அழுத்துவது சிரமம். அதனால் அதற்கு ஒரு திசை கொடுப்பது தகும். டெலீட், கன்ட்ரோல்+க்யூ ரீபில்ட் (மாடல் முழுவதையும் மறுபடி கணக்கிடுவது) போன்றவற்றை வளையத்துக்குள்ளேயே விடாதீர்கள். பெரிய அசெம்பிளியில் கை தவறி ரீபில்ட் ஓடினால் டீ குடித்துவிட்டு வரலாம்.

அசெம்பிளி கேள்வி: பாகத்தின் மேல் ரைட் பட்டன் இழுப்பு என்பது சாலிட்வொர்க்ஸில் அந்தப் பாகத்தைச் சுழற்றும் கட்டளை. அது பிழை அல்ல. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ரைட் பட்டனில் இழுத்தால் பாகத்தின் மேலேயே வளையம் வரும். அல்லது காலி இடத்திலிருந்து இழுக்கத் தொடங்குங்கள். திரை முழுக்கப் பாகங்கள் நிறைந்திருக்கும் வேலையில் ஆல்ட் பழக்கமே நல்லது.

---

எஸ்கீ_பக்தன்

மேலே சொன்னது எல்லாம் சரிதாங்க, ஆனா 12ஐ ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். 12 வச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு காலியா விடுங்க. ஆறு கட்டளை, ஒவ்வொண்ணுக்கும் 30 பாகை, நடுவுல 30 பாகை காலி வேலி மாதிரி. கை தவறினா தப்பான கட்டளை ஓடாது, ஒண்ணுமே நடக்காது. திரும்ப ஒருதரம் இழுத்தா ஆச்சு. தப்பா ஓடுன ஆஃப்செட்டை எஸ்கேப் போட்டு மூடி, செலக்‌ஷன் போயிருந்தா மறுபடி எடுத்து, அப்புறம் சரியான கட்டளைக்கு வர்றதைவிட ‘ஒண்ணும் நடக்கல’ங்கறது எவ்வளவோ மேல்.

அப்புறம், எல்லாத்தையும் ஜெஸ்ச்சர்ல திணிக்கணும்னு என்ன கட்டாயம்? எஸ் கீ அழுத்தினா கர்சர் பக்கத்துலயே ஷார்ட்கட் பார் வருது. அதுவும் நாலு சூழலுக்கும் தனித்தனி, ரைட் கிளிக் பண்ணி கஸ்டமைஸ் பண்ணிக்கலாம். நாளுக்கு நூறு தடவை எடுக்கறது ஜெஸ்ச்சர். நாளுக்கு அஞ்சு தடவை எடுக்கறது எஸ் பார். வாரத்துக்கு ஒரு தடவைன்னா மெனுவுலயே கெடக்கட்டும். ஓகே, கேன்சல் எடுக்க மூலைக்குப் போறவங்களுக்கு டி கீ இருக்கு, அந்த டிக் குறியைக் கர்சர்கிட்டயே கொண்டுவந்துடும். இது மூணும் சேர்ந்தா கர்சர் ரிப்பன் பக்கம் போற வேலையே பெரும்பாலும் இல்ல.

---

அச்சுவிலகல்

வேலி யோசனை நல்லது. ஆனால் நான்கு கட்டளைதான் வேண்டும் என்றால் 4 திசையின் 90 பாகை அதைவிட வசதி. ஆறு வேண்டுமானால் உங்கள் வழி. எட்டு வேண்டுமானால் வேலிக்கு இடம் இல்லை, கையைத்தான் பழக்க வேண்டும்.

12 ஏன் சிரமம் என்பதற்கு ஒரு பழைய பின்னணியும் உண்டு. இந்த வகை மெனுவுக்கு மார்க்கிங் மெனு என்று பெயர். கார்டன் குர்டன்பாக் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1993இல் முடித்த முனைவர் ஆய்வே இதைப் பற்றியதுதான். பில் பக்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த சோதனைகளில் 4, 8 பிரிவுகள் கைக்கு நன்றாக வந்தன, 12இல் பிழை கூடியது. நேர் மேல், நேர் வலம் போன்ற அச்சுத் திசைகள் மூலைத் திசைகளைவிட நம்பகமானவை என்பதும் அங்கே தெரிந்தது. அடிப்படை யோசனை என்னவென்றால், பட்டனை அழுத்தி ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு காத்தால் மெனு தெரியும், காக்காமல் இழுத்தால் மெனு தெரியாமலே கட்டளை ஓடும். புதியவரும் பழகியவரும் செய்வது ஒரே கை அசைவு. மெனுவைப் பார்த்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் பார்க்காமல் இழுப்பதற்கான ஒத்திகை. கீபோர்டு ஷார்ட்கட்டில் இது இல்லை. மெனுவில் நூறு முறை கிளிக் செய்தாலும் கை கன்ட்ரோல்+8ஐக் கற்றுக்கொள்ளாது.

இதனால்தான் கட்டளைகளை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது என்பதும். வளையத்தை ஒருமுறை மாற்றினால் பழைய ஒத்திகை அத்தனையும் எதிராக வேலை செய்யும்.

---

சுண்டுவிரல்

மெனு பாதியில் திறக்கும் தொல்லைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வரிசையாகச் சோதியுங்கள்.

முதலாவது, கை. ரைட் பட்டனை அழுத்தி, நகர்வதற்கு முன்பே விட்டுவிட்டால் அது கிளிக். கொஞ்சமாவது நகர்ந்தால்தான் அது இழுப்பு. அவசரத்தில் அழுத்தலும் இழுப்பும் முந்திப்பிந்தி நடந்தால் சாலிட்வொர்க்ஸுக்குக் கிளிக் என்றே தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு: மெனு வேண்டி கிளிக் செய்யும்போது கை ஆடினால் வளையம் வந்து நிற்கும். அப்போது பதறி வெளியே இழுக்காதீர்கள். வளையத்துக்கு உள்ளேயே பட்டனை விட்டால் எதுவும் ஓடாமல் மூடிவிடும்.

இரண்டாவது, மவுஸின் பட்டன். உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்ச் தேய்ந்தால் அழுத்திப் பிடித்திருக்கும்போதே தொடர்பு ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். விண்டோஸுக்கு அது ‘விட்டார், மறுபடி அழுத்தினார்’ என்று தெரியும். சோதிக்க சாலிட்வொர்க்ஸ் தேவையில்லை. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பை ரைட் பட்டனால் பிடித்துத் திரை முழுக்க மெதுவாகச் சுற்றி இழுங்கள். பட்டனை விட்ட பிறகுதான் ‘காப்பி ஹியர், மூவ் ஹியர்’ என்ற மெனு வர வேண்டும். விடாமலே வந்தால் சுவிட்ச் போய்விட்டது, மவுஸை மாற்றுங்கள். லெஃப்ட் பட்டன் நன்றாக இருப்பதால் ‘மவுஸ் நல்லாத்தான் இருக்கு’ என்று நினைக்க வேண்டாம். ஜெஸ்ச்சர் பழகியவர்களுக்கு ரைட் பட்டன்மீது விழும் சுமை சாதாரணமாக விழுவதைவிட அதிகம்.

மூன்றாவது, இடையில் நுழையும் மென்பொருள். மவுஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளோ, ஸ்ட்ரோக்ஸ்பிளஸ் போன்ற பொது ஜெஸ்ச்சர் கருவியோ ஓடிக்கொண்டிருந்தால் ரைட் பட்டன் இழுப்பை அது முதலில் பிடுங்கிக்கொள்ளும். அதன் விலக்குப் பட்டியலில் எஸ்எல்டிவொர்க்ஸ் எக்ஸி கோப்பைச் சேர்த்துவிடுங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றால் ரிசீவரைப் பின்பக்க யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எடுத்து, ஒரு சின்ன நீட்டிப்பு கேபிளில் மேசைமேல் வையுங்கள். யுஎஸ்பி 3 தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகும். கர்சர் தாவித் தாவிப் போனால் திசை எப்படிச் சரியாக வரும்?

இன்னொன்றும் கவனியுங்கள். கட்டளை ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது ரைட் கிளிக்குக்கு அங்கே வேறு பொருள் இருக்கிறது. எக்ஸ்ட்ரூட் போன்றவற்றில் கர்சரோடு சின்ன மவுஸ் படம் தெரிந்தால் ரைட் கிளிக் என்பது ஓகே. ஸ்மார்ட் டைமென்ஷனில் அளவை வைக்கும் நேரத்தில் ரைட் கிளிக் செய்தால் அந்த அளவின் திசை பூட்டிக்கொள்ளும். இழுப்பாக மாறாத ஒரு ஜெஸ்ச்சர் அந்த இடத்தில் மெனுவைத் திறப்பதோடு நிற்காது, ஃபீச்சரை முடித்தே வைத்துவிடும். ‘நான் ஒன்றுமே செய்யவில்லை, எக்ஸ்ட்ரூட் தானாக முடிந்துவிட்டது’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இடது கைக்காரர்கள் விண்டோஸில் பட்டன்களை மாற்றி வைத்திருந்தால் ஜெஸ்ச்சர் பட்டனும் கூடவே மாறும். தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

---

கட்டளைவரி

ஆட்டோகேடுக்கு வருவோம். சாலிட்வொர்க்ஸில் இருப்பது போன்ற திசை வளையம் அதில் உள்ளேயே கிடையாது. ரைட் பட்டனில் கிடைப்பது நேரத்தைப் பார்க்கும் கிளிக். ஆப்ஷன்ஸ் → யூசர் பிரிஃபரென்சஸ் → ரைட் கிளிக் கஸ்டமைசேஷன் போய், டைம் சென்சிடிவ் ரைட் கிளிக்கை இயக்கினால், சட்டென்று கிளிக் செய்தால் என்டர், கொஞ்சம் பிடித்தால் மெனு. எல்லை 250 மில்லி நொடி. கை மெதுவானவர்கள் 300, 350 என்று ஏற்றிக்கொள்ளலாம். இது ஒன்றை இயக்கினாலே முந்தைய கட்டளையைத் திரும்ப எடுக்கவும் முடிக்கவும் கீபோர்டுக்குப் போக வேண்டியதில்லை.

திசை ஜெஸ்ச்சரேதான் வேண்டுமென்றால் வெளிக் கருவி வைத்துச் செய்யலாம். ஸ்ட்ரோக்ஸ்பிளஸில் ஏகேட் எக்ஸி கோப்புக்கென்று தனிப் பிரிவு உண்டாக்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் கீ வரிசை ஒன்றை அனுப்பச் சொல்லலாம். லைனுக்கு: எஸ்கேப், எஸ்கேப், எல், ஸ்பேஸ். முதலில் இரண்டு எஸ்கேப் எதற்கென்றால், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையும் செலக்‌ஷனும் கலைந்தால்தான் எல் என்பது புதுக் கட்டளையாகப் போகும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கட்டளையின் விடையாக அது விழும்.

இதில் நான்கு இடத்தில் கால் இடறும்.

ஜூம் போன்ற பார்வைக் கட்டளைகளுக்கு அந்த இரட்டை எஸ்கேப்பைப் போடாதீர்கள், போட்டால் வரைந்துகொண்டிருக்கும் கோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி வைத்து அனுப்புங்கள். குறி, ஜூம், ஸ்பேஸ், ஈ, ஸ்பேஸ். குறி இருந்தால் ஓடும் கட்டளைக்கு நடுவிலேயே ஜூம் நடந்து, மறுபடி அதே கட்டளைக்குத் திரும்பும்.

குறிப்பு எழுதும் எம்டெக்ஸ்ட் எடிட்டர் திறந்திருக்கும்போது ஜெஸ்ச்சர் போட்டால் எஸ்கேப் அங்கே போகும். எழுதிக்கொண்டிருந்த குறிப்பு போகலாம்.

கணினியில் தமிழ் கீபோர்டு இயங்கிக்கொண்டிருந்தால் எல் என்று அனுப்பியது தமிழ் எழுத்தாக வரலாம். கமாண்ட் லைனில் ‘அன்னோன் கமாண்ட்’ என்று வந்தால் முதலில் கீபோர்டு மொழியைப் பாருங்கள். ட்ராயிங்கில் தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். கருவியில் எழுத்தாக அனுப்பாமல் கீ எண்ணாக அனுப்பினாலும் மொழி அமைப்பு குறுக்கே நிற்கும்.

நான்காவதுதான் பலர் கண்டுபிடிக்காதது. இப்படிப்பட்ட கருவி ரைட் பட்டன் அழுத்தத்தை உடனே ஆட்டோகேடுக்கு விடாது. இழுப்பா கிளிக்கா என்று தெரியும்வரை பிடித்து வைத்து, கிளிக் என்றால் பிறகு தானே ஒரு கிளிக்கை உண்டாக்கி அனுப்பும். அந்தக் கிளிக் எப்போதும் குறுகியது. விளைவு, 250 மில்லி நொடிக் கணக்கு கெட்டு, எவ்வளவு நேரம் பிடித்தாலும் என்டரே விழும், மெனு வரவே வராது. இரண்டும் வேண்டுமென்றால் ஜெஸ்ச்சர் பட்டனாக ரைட்டை வைக்காமல், கட்டைவிரலிடம் இருக்கும் பக்கவாட்டுப் பட்டனை வையுங்கள். நடுப் பட்டனைத் தொடாதீர்கள், பான் (பார்வையை நகர்த்துவது) போய்விடும்.

வெளிப்படையாகச் சொன்னால், ஆட்டோகேடில் ஜெஸ்ச்சருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது சந்தேகம்தான். எல், சி, டிஆர், சிஓ என்று ஒன்றிரண்டு எழுத்தில் கட்டளைகள் கீபோர்டிலேயே கிடக்கின்றன, இந்தச் சுருக்கங்கள் இருக்கும் பிஜிபி கோப்பில் நமக்கு வேண்டியபடி மாற்றியும் கொள்ளலாம். எழுத்துச் சுருக்கம் அறவே இல்லாத, ரிப்பனில் இரண்டு மூன்று கிளிக் ஆழத்தில் இருக்கும் கட்டளைகளுக்கு மட்டும் நான்கு திசை வைத்தால் போதும். உள்ளேயே ரைட் பட்டன் ஜெஸ்ச்சர் உள்ள, ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பைத் திறக்கும் மென்பொருள் வேண்டுமென்றால் இசட்டபிள்யூகேடில் ஸ்மார்ட் மவுஸ் இருக்கிறது, டிராஃப்ட்சைட்டிலும் மவுஸ் ஜெஸ்ச்சர் இருக்கிறது.

---

தடம்_அகலம்

கொஞ்சம் விலகிப் போகிறேன். பிசிபி (மின்சுற்றுப் பலகை) வடிவமைப்பில் இது திசையோடு நிற்பதில்லை. கேடன்ஸ் அலெக்ரோவில் கன்ட்ரோலைப் பிடித்து ரைட் பட்டனால் எழுத்தையே வரையலாம். எம் போல வரைந்தால் மூவ், சி போல வரைந்தால் காப்பி. ஸ்ட்ரோக் எடிட்டரில் நமக்கு வேண்டிய வடிவத்தை வரைந்து கட்டளையோடு சேர்த்துக்கொள்ளலாம், அது ஸ்ட்ரோக்ஸ் கோப்பாகச் சேமிக்கப்படும். கன்ட்ரோல் இல்லாமலே வேண்டுமென்றால் யூசர் பிரிஃபரென்சஸில் ‘நோ டிராக்பாப்அப்’ மாறியை இயக்க வேண்டும்.

வடிவ ஜெஸ்ச்சரின் பலம், பெயரே நினைவுக் குறிப்பாகிவிடுவது. பலவீனம், வரைய நேரம் பிடிப்பது. ஒரு கோட்டைச் சுண்டுவதும் எம் எழுதுவதும் ஒன்றல்ல. தவிர, ஒரே வடிவத்தை எதிர்த்திசையில் வரைந்தால் வேறொன்றாகத் தெரியும். சேமிக்கும்போது எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்களோ அப்படியேதான் எப்போதும் வரைய வேண்டும். யு போன்ற வடிவத்தில் இதுதான் அதிகம் தவறும்.

---

கோணமானி

டெஸ்க்டாப்பில் கோப்பை இழுத்துப் பார்த்தாயிற்று. விடாமலே மெனு வருகிறது, ஆக சுவிட்ச்தான். ஆல்ட் வழியும் வேலை செய்கிறது. 8 திசைக்கு இறக்கி மூலைகளைக் காலி செய்தாயிற்று.

மீதி இருப்பது அமைப்பை எடுத்துப் போவது. இன்னொரு கணினியில் இன்வென்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளும் இருக்கிறது, அங்கேயும் இதே திசைப் பொருள் வைக்க முடியுமா? சில நாள் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் வேலை உண்டு.

---

அச்சுவிலகல்

எடுத்துப் போக: டூல்ஸ் மெனுவில் சேவ்/ரீஸ்டோர் செட்டிங்ஸ். பழைய பதிப்புகளில் இதையே காப்பி செட்டிங்ஸ் விசார்டு என்பார்கள். சேமிக்கும்போது சிஸ்டம் ஆப்ஷன்ஸ், டூல்பார் லேஅவுட், கீபோர்டு ஷார்ட்கட்ஸ், மவுஸ் ஜெஸ்ச்சர்ஸ், மெனு கஸ்டமைசேஷன் என்று தனித்தனிப் பெட்டிகள் வரும். மவுஸ் ஜெஸ்ச்சரை மட்டும் டிக் செய்யுங்கள், வேண்டுமானால் கீபோர்டையும். சிஸ்டம் ஆப்ஷன்ஸை எடுத்துப் போனால் டெம்ப்ளேட் கோப்புகளின் பாதைகளும் கூடவே போகும். அந்தக் கணினியில் அந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் புது பார்ட் திறக்கும்போதே எச்சரிக்கை வந்து நிற்கும்.

மற்றக் கணினியில் சாலிட்வொர்க்ஸை மூடிவிட்டு ரீஸ்டோர் செய்யுங்கள். அமைப்பு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனர் பெயருக்கு மட்டும் எழுதப்படுகிறது. ஒரே கணினியில் இரண்டு பேர் தனித்தனி லாகினில் வேலை செய்தால் இருவருக்கும் தனியாகச் செய்ய வேண்டும். வளையத்தை மாற்றிய அன்று சாலிட்வொர்க்ஸை ஒருமுறை முறையாக மூடித் திறந்து, மாற்றம் நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன்பிறகு சேமிப்பது நல்லது. மவுஸ் ஜெஸ்ச்சர்ஸ் பக்கத்தில் பிரின்ட் லிஸ்ட் என்று இருக்கிறது. ஒரு தாள் எடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளலாம், பழகும்வரைக்கும்.

---

சுண்டுவிரல்

இன்வென்டரில் ரைட் கிளிக் செய்தாலே எட்டுத் திசை மார்க்கிங் மெனு வரும். பிடித்துக்கொண்டே திசையில் சட்டென்று இழுத்தால் மெனு தெரியாமலே கட்டளை ஓடும். டூல்ஸ் → கஸ்டமைஸ் → மார்க்கிங் மெனு பக்கத்தில் மாற்றலாம், எக்ஸ்போர்ட் செய்தால் எக்ஸ்எம்எல் கோப்பாகக் கிடைக்கும். சாலிட்வொர்க்ஸிலிருந்து வருபவர் கவனிக்க வேண்டியது, இங்கே சூழல்கள் நான்கோடு முடிவதில்லை. ஒன்றும் தேர்ந்தெடுக்காதபோது ஒரு மெனு, முகத்தையோ விளிம்பையோ தேர்ந்தெடுத்தால் வேறு மெனு, கட்டளை ஓடும்போது இன்னொன்று. ஆகவே ‘மேல் என்றால் அளவு’ என்பதை எல்லா இடத்திலும் வைக்க முயன்றால் களைத்துப்போவீர்கள். 2டி ஸ்கெட்ச், பார்ட், அசெம்பிளி, இவற்றில் எதுவும் தேர்ந்தெடுக்காத நிலை, இந்த மூன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் ‘கிளாசிக் கான்டெக்ஸ்ட் மெனு’ தேர்வாகியிருந்தால் வட்ட மெனுவே வராது.

சாலிட் எட்ஜிலும் ரைட் பட்டனைப் பிடித்து லேசாக நகர்த்தினால் ரேடியல் மெனு உண்டு. என்எக்ஸில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்டோடு மவுஸின் மூன்று பட்டன்களுக்கும் மூன்று ரேடியல் டூல்பார். ஃப்ரீகேடில் ‘ஜெஸ்ச்சர்’ என்று நேவிகேஷன் பட்டியலில் பார்த்து ஏமாற வேண்டாம். அது சுழற்றல், பான் இவற்றுக்கான பட்டன் முறை, கட்டளை ஓட்டுவதற்கு அல்ல.

ரிமோட் டெஸ்க்டாப்பில் மவுஸ் நகர்வு விட்டுவிட்டுப் போய்ச் சேரும். இணைப்பு தாமதமாக இருந்தால் சுண்டும் இழுப்பின் தொடக்கப் புள்ளிகள் விடுபட்டு, திசை கடைசிப் புள்ளியை வைத்தே தீர்மானமாகும். அங்கே 8 திசையும் தகராறு செய்யலாம். நான்கு அச்சுத் திசைகளை மட்டும் நம்புங்கள், இழுப்பை வழக்கத்தைவிட நீளமாகவும் ஒரே சீராகவும் இழுங்கள். லேப்டாப் டச்பேடில் முயலவே வேண்டாம், ரைட் பட்டனைப் பிடித்துக்கொண்டு இழுப்பது அதில் இரண்டு கை வேலை.

---

எஸ்கீ_பக்தன்

மவுஸ் மாத்தறதுன்னு ஆச்சு, அப்ப வீலை அழுத்திப் பார்த்து வாங்குங்க. மாடலைச் சுழற்ற நாள் முழுக்க நடுப் பட்டன்தான். வீல் கெட்டியா இருந்தா விரல் வலிக்கும், ரொம்ப இளக்கமா இருந்தா சுழற்றும்போதே ஜூம் ஆகும். தனி நடுப் பட்டன் வச்ச கேட் மவுஸும் கிடைக்குது. கட்டைவிரல் பட்டனைப் பிடிச்சு நாலு பக்கம் நகர்த்துற ஜெஸ்ச்சர் சில மவுஸ்ல டிரைவர்லயே இருக்கு. அதை ஆட்டோகேடுக்கு மட்டும் ஒதுக்கிட்டா மேல கட்டளைவரி சொன்ன ரைட் கிளிக் சிக்கல் வராது, ஸ்ட்ரோக்ஸ்பிளஸும் தேவையில்ல. புது மவுஸ் வந்ததும் மேசைல நேரா வச்சு, ஒரு கோட்டை மேலே இழுத்துப் பாருங்க, திரைல எவ்வளவு சாயுதுன்னு தெரியும். அந்தச் சாய்வுக்கு ஏத்த மாதிரி பிடியைத் திருப்பிட்டு அப்புறம் மூலைகளை நிரப்புங்க.